எத்தனை நாளைக்கு ஒருமுறை வீடு

1998 செப்டம்பர் 20

அன்புள்ள சகரியா அண்ணாவுக்கு,

முதலில் ஒன்று. இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. உன்னோடு தங்கியிருப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் காட்டாதே. படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. அடுப்பு இல்லையென்றால் துண்டு துண்டாகக் கிழித்துவிடு. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

நாங்கள் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

நீ பள்ளிக்கூட முகவரிக்கு அனுப்பிய அட்டையை பெல்லாமி டீச்சர் என் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துக் கொடுத்தார். "எனக்கு எதுவும் தெரியாது. சாயங்காலம் டவுனுக்குப் போற வழியில ஒரு தபால் பெட்டி இருக்கு, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்றார். அவர் வேலைக்கு ஆபத்து வந்துவிடுமோ என்று எனக்குப் பயம். எல்லோரும் தூங்கியபின் மச்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். பலகை கிறீச்சிட்டால் கை நின்றுவிடுகிறது.

நீ யாரிடமும் சொல்லாமல் பண்ணையை விட்டுப் போன அன்று காலை, எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் கூடத்தில் உன் இடம் காலியாக இருந்தது. பிரசங்கியார் அப்பாவிடம் வந்து மெதுவாக ஏதோ கேட்டார். அப்பா தட்டைப் பார்த்தபடியே பதில் சொன்னார். பிறகு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, "அந்தப் பேரை இந்த வீட்டுல இனிமே யாரும் சொல்லக் கூடாது" என்றார். அம்மா சரி என்றாள். நானும் சரி என்றேன்.

ஒரு செய்தி. நம் சபைப் பண்ணை இரண்டாகப் பிரியப்போகிறது. ஆட்கள் அதிகமாகிவிட்டோம், பாதிப் பேர் கிளம்பியாக வேண்டும் என்று முடிவாகிவிட்டது. வடக்கே வாங்கிப்போட்ட நிலத்தில் வீடுகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. வரும் கோடையில் சீட்டுப் போடுவார்கள். யார் போகிறார்கள், யார் இருக்கிறார்கள் என்பது சீட்டு விழும் வரை யாருக்கும் தெரியாது. அதனால் இருக்கப்போகிறவர்களும் சேர்த்து எல்லோரும் மூட்டை கட்ட வேண்டும். நீ இங்கே இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வடக்கே போய்விட்டால் அங்கே பெல்லாமி டீச்சர் கிடையாது. அதற்குள் எனக்குப் பதினைந்து முடிந்து பள்ளிக்கூடமும் நின்றுவிடும். பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி எனக்கு எப்படி வரும்?

உடனே பதில் போடு. அட்டை வேண்டாம், உறையில் போடு.

உன் தங்கை,
ஜஸ்டினா


அக்டோபர் 11

அன்பு ஜஸ்டினாவுக்கு,

உன் கடிதம் வந்தது. கிழித்துவிட்டேன், பயப்படாதே. நான் நன்றாக இருக்கிறேன். மெடிசின் ஹாட் நகரத்தில் ஒரு டயர் கடைக்கு மேலே அறை. கீழே டயர் மாற்றுகிறேன். சாப்பாட்டுக்குக் குறைவில்லை, ருசிக்குத்தான் குறைவு. இங்கே ரொட்டியைத் துணி மாதிரி மடிக்கலாம்.

பண்ணையின் தானிய லாரியை ஓட்டப் பழகி வாங்கிய உரிமம் இருக்கிறதே, அதை வைத்துத் தூர லாரிக்குப் போகலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். புது டிரைவரை எடுக்கிற கம்பெனிகள் மூன்று இருக்கின்றன. மூன்றுக்கும் போய்ப் பார்த்தேன்.

முதலாவது பெரிய கம்பெனி. நீல லாரிகள். கனடா, அமெரிக்கா முழுக்க ஓடுகிறார்கள். மூத்த டிரைவர் ஒருவரோடு அனுப்பிப் பழக்குவார்களாம். ஆள் எடுக்கிற அம்மாள் கேட்ட முதல் கேள்வியைக் கேள்.

"எத்தனை நாளைக்கு ஒருதடவை வீட்டுக்குப் போகணும் உங்களுக்கு?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"எல்லா டிரைவரும் சம்பளத்தைக் கேக்கறதுக்கு முன்னாடி அதைத்தாங்க கேப்பாங்க. வாராவாரமா, மாசத்துக்கு ஒருதடவையா?"

"தெரியலை."

"சம்சாரத்துக்கிட்ட கேட்டுட்டு வாங்களேன்."

"கல்யாணம் ஆகலை."

"சரி, அப்பா அம்மா?"

"இருக்காங்க. ஆனா அங்க போக முடியாது."

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தாள். கொஞ்சம் பாவப்பட்ட மாதிரி இருந்தது. பிறகு, "உங்களை மாதிரி ஒரு ஆளைத்தான் தேடிக்கிட்டிருக்கோம்" என்றாள்.

இரண்டாவது, ஒரெஸ்ட் வேலை செய்கிற கம்பெனி. நம் பன்றிகளை ஏற்ற வாராவாரம் வருகிறானே, அதே லாரிதான். நம் வாசலுக்கே வரலாம், அதுதான் சிக்கல். லாரியைப் பின்னால் எடுத்துப் பன்றி ஏற்றும் மேடையில் பொருத்தினால், கையில் பன்றித் தடுப்புப் பலகையோடு அங்கே நிற்பது அப்பா.

மூன்றாவது வடக்கே இருக்கும் ஒரு தானியக் கம்பெனி. சின்னது. கிழவனாரும் அவர் மருமகனும் நடத்துகிறார்கள். அவர்கள் போகிற சாலை புதுப் பண்ணை நிலத்தை ஒட்டித்தான் போகிறது.

எதை எடுப்பது என்று தெரியவில்லை. யோசித்துப் பார், நான் எதைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்? சட்டைத் துணி கடைப்பொறுப்பாளர் அளந்து கொடுத்தது. செருப்பு தைத்துக் கொடுத்தது. டிராக்டரா கோழியா என்று மூப்பர்கள் சொன்னார்கள். இங்கே பல் துலக்கும் பசையே ஒரு சுவர் முழுக்க அடுக்கி வைத்திருக்கிறார்கள். வாங்காமலே வந்துவிட்டேன்.

அம்மா முழங்காலில் வாத்துக்கொழுப்பு தடவச் சொல்.

உன் அண்ணன்,
சகரியா


நவம்பர் 1

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்று படித்து நிம்மதி. இங்கே எல்லோருக்கும் சளி. பசையை வாங்கிவிடு, எதையாவது வாங்கு, பல் கெட்டுப்போகும்.

அண்ணா, ஒரு காரியம் செய்துவிட்டேன். திட்டாதே. செவ்வாய்க்கிழமை ஒரெஸ்ட் லாரி வந்திருந்தது. அப்பா கணக்குச் சொல்ல உள்ளே போயிருந்தார். நான் முட்டைக்கூடையோடு போவதுபோல் அந்தப் பக்கம் போனேன்.

"புதுசா லாரி ஓட்ட வர்ற ஒருத்தர் எந்தக் கம்பெனிக்குப் போனா நல்லது?" என்று கேட்டேன்.

ஒரெஸ்ட் தொப்பியைத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தான். "ஏன், நீ ஓட்டப் போறியா? அந்தப் பாவாடையோட கிளட்ச்சை எப்படி மிதிப்பே?"

"எனக்கில்லை. பள்ளிக்கூடத்துல கட்டுரை."

"ஓ, கட்டுரை. சரி, எழுதிக்கோ. புதுசா வர்றவன் பளபளன்னு லாரி இருக்கான்னு பார்ப்பான். அதைப் பார்க்கக் கூடாது. அந்தக் கம்பெனியில வேலை செய்றவன் போன வருஷமும் அங்கதான் இருந்தானான்னு பார்க்கணும். பெரிய கம்பெனில ஆளு உள்ள வர்றதும் தெரியாது, வெளிய போறதும் தெரியாது, சுத்துற கதவு மாதிரி. எங்க கம்பெனி நாத்தம் பிடிச்சது. ஆனா யாரும் விட்டுப் போக மாட்டாங்க."

"ஏன்?"

"இந்த நாத்தத்தோட வேற யாரு சேர்த்துப்பாங்க?"

அவன் சிரித்தது தொழுவம் முழுக்கக் கேட்டது. அப்பா வெளியே வந்துவிட்டார். என்னைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார், லாரிப் பக்கம் போய்விட்டார். கூடையில் முட்டை இல்லை என்பது வீட்டுக்கு வந்தபிறகுதான் எனக்கே தெரிந்தது. இரவெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன்.

நீ ஒரெஸ்ட்டின் கம்பெனியையே எடு. செவ்வாய்க்கிழமை தோறும் ஜன்னல் வழியாக உன் லாரியைப் பார்த்தால் எனக்குப் போதும். நீ இறங்கக்கூட வேண்டாம். நீலக் கம்பெனி வேண்டாம் அண்ணா. அமெரிக்கா முழுக்க எங்கே என்று உன்னைத் தேடுவது?

காதைக் கம்பளியால் மூடிக்கொள்.

ஜஸ்டினா


நவம்பர் 29

அன்பு ஜஸ்டினாவுக்கு,

சளி எல்லோருக்கும் போய்விட்டதா? இங்கே பனி தொடங்கிவிட்டது.

உனக்குப் பிடிக்காத செய்தி. நீலக் கம்பெனியில் சேர்ந்துவிட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மாதம் யோசித்தேன். ஒரெஸ்ட் கம்பெனி என்று முடிவு செய்து படுப்பேன், மேடையில் நிற்கும் அப்பா முகம் வரும். வடக்குக் கம்பெனி என்று எழுந்திருப்பேன், சீட்டு உங்களை இங்கேயே நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்று தோன்றும். கடைசியில் நமக்குத் தெரிந்த வழி ஒன்றுதானே. மூன்று பெயரை மூன்று தாளில் எழுதி என் தொப்பியில் போட்டேன். லாரிகள் நிற்கும் ஹோட்டலில் காபி ஊற்றும் பெண்ணிடம் நீட்டி, "ஒண்ணு எடுங்க" என்றேன்.

"எடுத்தா என்ன கிடைக்கும்?"

"எனக்கு வேலை கிடைக்கும்."

அவள் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஐயோ, இதுல என் பழைய புருஷன் இருந்தான்பா. இன்னொண்ணு எடுக்கட்டுமா?" என்றாள்.

விழுந்த சீட்டை மாற்றலாமா? வேண்டாம் என்றேன். திங்கட்கிழமை கிளம்புகிறேன்.

கடிதங்களைக் கம்பெனி முகவரிக்குப் போடு. நான் எங்கிருந்தாலும் அங்கே வந்து சேரும்.

சகரியா


டிசம்பர் 20

அண்ணாவுக்கு,

நலமாக இரு. நாங்கள் நலம்.

நான் கேட்பது ஒன்றுதான். சீட்டு எடுப்பதற்கு முன்னால் ஜெபம் பண்ணினாயா? ஜெபம் பண்ணாமல், ஹோட்டல்காரி ஒருத்தி காபிக் கையோடு எடுத்தால் அது சீட்டா? தாள், அவ்வளவுதான். பிரசங்கியாரைச் சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை நேரம் முழங்காலில் நின்றோம்! உனக்கு வேண்டியதைச் சொல்லப் பயந்து தொப்பியைச் சொல்ல வைத்திருக்கிறாய். எனக்கு உன்மேல் கோபம். முதல் தடவையாகக் கோபம்.

இதை எழுதிவிட்டு இரண்டு நாள் அனுப்பாமல் வைத்திருந்தேன். டீச்சர் விடுமுறைக்குக் கிளம்புகிறார், அதனால் கொடுத்துவிடுகிறேன்.

பண்டிகைக்கென்று மாதத் தொடக்கத்திலேயே ஆரஞ்சும் கொட்டைகளும் பங்கு வைத்தார்கள். பொறுப்பாளர் பழைய நினைப்பில் நம் வீட்டுக்கு உன் பங்கையும் சேர்த்துப் போட்டுவிட்டார். அப்பா பக்கத்திலேயே நின்றார். திருத்தவில்லை. உன் ஆரஞ்சை யாரும் உரிக்கவில்லை. சுருங்கிப்போனபின் அம்மாவே எடுத்துத் தின்றாள், தோலோடு.

மலைப்பாதையில் மெதுவாகப் போ.

ஜஸ்டினா


1999 பிப்ரவரி 14

அன்பு ஜஸ்டினாவுக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு மன்னித்துக்கொள். உன் கடிதம் என் பின்னால் மூன்று மாகாணம் சுற்றி வந்து சேர்ந்தது. ஜெபம் பண்ணவில்லை. நீ சொன்னது சரி.

நான் நன்றாக இருக்கிறேன். எனக்குப் பழக்கிவிடுகிறவர் பெயர் தல்பீர் சிங். தலைப்பாகை, என் தாடியைவிட நீளமான தாடி. ஒரே லாரிக்குள் மாற்றி மாற்றிப் படுக்கிறோம். அவர் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வரும் ரொட்டியை மடித்தால் உடையாது. நல்ல ரொட்டி.

முதல் நாள் ஒரு ஹோட்டலில் சாப்பிட்டு முடித்ததும் எழுந்து எங்கள் தட்டை எடுத்தேன், பக்கத்து மேசைத் தட்டுகளையும் எடுத்து அடுக்கினேன். தல்பீர் கத்தினார். "டேய் டேய், அதை வை! அந்தாளு இன்னும் சாப்பிட்டுட்டிருக்கான்!"

அந்த ஆள் முள்கரண்டியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தான்.

"என்ன ஊர்ப்பா உன் ஊரு?" என்றார் தல்பீர்.

"அங்க எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவோம். முடிச்சவங்க எடுத்து வைப்போம்."

"எங்க குருத்வாராவிலயும் அப்படித்தான். ஆனா இது ஹோட்டல். இங்க தட்டு, ஸ்பூன், காத்து எல்லாமே ஒருத்தனோடது. புரியுதா?"

புரிந்தது என்றேன். பாதிதான் புரிந்தது என்று இப்போது தோன்றுகிறது.

ஒவ்வொரு வாரக் கடைசியிலும் மற்ற டிரைவர்கள் அலுவலக ஜன்னலில் நின்று வீட்டுக்குப் போக நாள் கேட்டுச் சண்டை போடுகிறார்கள். எனக்குச் சண்டையே இல்லை. எல்லோருக்கும் என்னைப் பிடிக்கிறது.

அம்மாவிடம் ஒன்றும் சொல்லாதே. சொல்ல முடியாது என்று தெரியும், இருந்தாலும்.

சகரியா


மார்ச் 7

அன்புள்ள அண்ணாவுக்கு,

கோபம் போய்விட்டது. தட்டுக் கதையைப் படித்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். தல்பீர் சிங்குக்கு என் வணக்கம், ஆனால் நான் எழுதுகிறேன் என்று சொல்லாதே.

இங்கே மூத்த பிரசங்கியார், இளைய பிரசங்கியார் இருவர் பெயரிலும் குடும்பங்களின் பட்டியல் எழுதியாகிவிட்டது. அப்பா இளைய பிரசங்கியார் பக்கம் பெயர் கொடுத்தார். எந்தப் பக்கம் வடக்கே போகும் என்பது சீட்டுக்குத்தான் தெரியும். அம்மா இப்போதே பாத்திரங்களைத் துணியில் சுற்றத் தொடங்கிவிட்டாள். உன் சட்டைகளை மடித்து ஒரு மூட்டையில் வைத்தாள். அப்பா உள்ளே வந்து பார்த்தார். "அது எதுக்கு?" என்று கேட்பார் என்று நினைத்தேன். "கயிறு இறுக்கமா கட்டு, அவிழ்ந்துடும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

போன செவ்வாய் தொழுவத்தில் அப்பாவும் ஒரெஸ்ட்டும் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. அதை எழுதப்போவதில்லை. நான் தப்பாகக் கேட்டிருக்கலாம்.

நேரத்துக்குத் தூங்கு.

ஜஸ்டினா


மே 2

அன்பு ஜஸ்டினாவுக்கு,

நான் நலம். நீங்கள் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீலக் கம்பெனியும் நானும் பிரிந்துவிட்டோம். இப்போது மறுபடி டயர் கடைக்கு மேலே இருக்கிறேன். பழைய முகவரிக்கே எழுது.

இங்கே புல் பச்சையாகிவிட்டது.

சகரியா


மே 16

அண்ணா,

நீ சுகமா? உண்மையைச் சொல், சுகமா?

நான்கு வரி எழுதினால் எனக்குப் பயம் வராதா? லாரி கவிழ்ந்ததா, கை கால் போய்விட்டதா என்றெல்லாம் நினைத்தேன். பிறகு எனக்கே தெரிந்துவிட்டது. நீ எழுதாததை ஒரெஸ்ட்தான் சொன்னான்.

இந்த முறை முட்டைக்கூடையெல்லாம் இல்லை. நேரே போய், "என் அண்ணன் ஏன் நீலக் கம்பெனியில இல்லை?" என்றேன்.

"கட்டுரை முடிஞ்சுதா?" என்றான்.

"சொல்லுங்க."

"டிரைவருங்க பேசிக்கிட்டாங்க, பாப்பா. லாரி நிக்கிற யார்டுல ஒருத்தனோட பனிச்சங்கிலியை, அதான் வழுக்காம இருக்க டயருல சுத்துறதை, எடுத்துட்டுப் போயிட்டானாம். திருட்டுன்னு எழுதி அனுப்பிட்டாங்களாம்."

நான் அவன் லாரிச் சக்கரத்தை எட்டி உதைத்தேன். கால்விரல் இன்னும் வீங்கியிருக்கிறது. "எங்க அண்ணன் திருடலை! எங்கயாவது தொங்கிட்டிருந்தா எடுத்திருப்பான். இங்க எது மாட்டியிருந்தாலும் எடுப்போம், வேலை முடிஞ்சா திரும்ப மாட்டுவோம். யாரோட சங்கிலின்னு யாரும் கேட்டதே இல்லை!"

"கத்தாதே, கத்தாதே. உங்கப்பாவும் இதையேதான் சொன்னாரு."

முழுவதையும் சொல்லச் சொன்னேன்.

அண்ணா, மார்ச்சில் நான் எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். அன்று அப்பா ஒரெஸ்ட்டிடம், "அந்த நீல லாரிக்காரங்க புதுப் பையன்களை ஒழுங்கா நடத்துவாங்களா? மலைப்பாதைல தனியா விடுவாங்களா?" என்று கேட்டார். நீ எங்கே இருக்கிறாய் என்று அவருக்குத் தெரியும். நீ அங்கே சேர்ந்ததை அவரே விசாரித்து வைத்திருக்கிறார். செவ்வாய்தோறும் கேட்டிருக்கிறார். நான் கட்டுரை என்று பொய் சொன்னதற்கு முந்தின வாரமே அப்பாவும் அதே கேள்வியைத்தான் கேட்டாராம், எந்தக் கம்பெனி நல்லது என்று. ஒரெஸ்ட் அன்று அப்படிச் சிரித்தது அதற்குத்தான்.

சங்கிலிக் கதையைக் கேட்டதும் அப்பா பன்றித் தடுப்புப் பலகையைக் கீழே வைத்தாராம். பிறகு, "சங்கிலிக்கெல்லாம் சொந்தக்காரன் உண்டுன்னு நாங்க அவனுக்குச் சொல்லித் தரலையே, ஒரெஸ்ட்" என்றாராம்.

வீட்டில் அவர் இன்னும் உன் பெயரைச் சொல்வதில்லை. நான் எழுதுவது அவருக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் பிரசங்கியாரிடம் சொல்லியாக வேண்டும், அதுதான் முறை. அதனால் பயம் போகவில்லை. யாருக்கும் காட்டாதே என்று மறுபடியும் எழுதுகிறேன்.

ஜூன் 13, ஞாயிறு மாலை ஆராதனை முடிந்ததும் சீட்டு. போகிறவர்கள் திங்கள் விடியற்காலையே கிளம்ப வேண்டும்.

உன் ஜஸ்டினா


மே 30

அன்பு ஜஸ்டினாவுக்கு,

உன் விரல் ஆறிவிட்டதா? லாரிச் சக்கரத்தை இனி உதைக்காதே, அது இரும்பு.

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. இதை மட்டும் வைத்துக்கொள்கிறேன், மன்னித்துவிடு. யாரும் பார்க்க மாட்டார்கள்.

சங்கிலி விஷயம் நீ சொன்னதுதான். மலையில் பனி. எங்கள் சங்கிலி அறுந்துவிட்டது. யார்டில் பக்கத்து லாரியின் கொக்கியில் ஒன்று தொங்கியது. அந்தப் பக்கம் யாராவது வந்தால் உதவட்டும் என்று என் கையுறையை அந்தக் கொக்கியில் மாட்டிவிட்டு எடுத்தேன். சாயங்காலம் திரும்ப மாட்டப் போனபோது மூன்று பேர் காத்திருந்தார்கள். தல்பீர் எனக்காக எவ்வளவோ வாதாடினார். "இவனுக்குத் திருடவே தெரியாதுய்யா, திருடறதுன்னா என்னன்னே தெரியாது!" என்று கத்தினார். அலுவலகத்தில் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார்கள். உனக்கு எழுத வெட்கமாக இருந்தது.

திருட்டு என்று எழுதப்பட்டவனை யார் எடுப்பார்கள்? இரண்டு பேர் எடுப்பதாகச் சொல்கிறார்கள். ஒன்று ஒரெஸ்ட்டின் கம்பெனி. யார் எனக்காகப் பேசினார்கள் என்று கேட்டேன், முதலாளி சொல்லவில்லை. இன்னொன்று வடக்குக் கிழவனார். "சங்கிலிதானே, என் மருமகன் என் லாரியையே கவுத்தவன்" என்றார். இருவருமே ஜூன் 14 காலையில் பதில் வேண்டும் என்கிறார்கள், ஆள் இல்லாமல் லாரி நிற்கிறது. சேர்ந்தால் ஒரு வருடம் நிற்பதாகக் கையெழுத்து. இதையும் பாதியில் விட்டால் மூன்றாவதாக யாரும் என்னைத் தொட மாட்டார்கள்.

இந்த முறை தொப்பி இல்லை. எனக்கு வேண்டியது எனக்குத் தெரியும். வாராவாரம் உங்கள் வாசலைத் தாண்டிப் போகிற லாரி வேண்டும். மேடையில் அப்பா நின்றாலும் சரி. இருவரிடமும் சொல்லிவிட்டேன், "வாரம் ஒருதடவை வீடு" என்று.

உங்கள் வீடு தெற்கா வடக்கா என்பதுதான் மிச்சம். சீட்டு விழுவது ஞாயிறு மாலை, நான் சொல்ல வேண்டியது திங்கள் காலை. நடுவில் தபால் கிடையாது, டீச்சர் வர மாட்டார். அன்று இரவு ஒரெஸ்ட்டின் யார்டில்தான் படுத்திருப்பேன். சேதி எதுவும் வராவிட்டால் இங்கேயே, அவன் கம்பெனியிலேயே கையெழுத்துப் போடுகிறேன், நீங்கள் இங்கேயே இருப்பீர்கள் என்று நம்பி. நீ ஆபத்தான காரியம் எதுவும் செய்யாதே. தொலைபேசிப் பக்கம் போகாதே.

அம்மாவின் முழங்காலை விசாரித்ததாக மனத்துக்குள் சொல்லிக்கொள்.

சகரியா


ஜூன் 13

அன்புள்ள அண்ணாவுக்கு,

இந்தக் கடிதத்தை எடுத்துப்போக யாரும் இல்லை. இருந்தும் எழுதுகிறேன், எழுதாமல் இருக்க முடியவில்லை. மச்சில் எதுவும் இல்லை, மூட்டைகள் எல்லாம் கீழே வாசலுக்குப் பக்கத்தில். பலகைமேல் குப்புறப் படுத்து எழுதுகிறேன். நாங்கள் சுகம். அம்மாவின் முழங்கால் இன்றைக்கு ஏனோ வலிக்கவே இல்லையாம்.

சீட்டு விழுந்துவிட்டது.

ஜெபம் முடிய ரொம்ப நேரம் ஆனது. வேறு பண்ணையிலிருந்து வந்த பிரசங்கியார் தொப்பிக்குள் கைவிட்டார். தாளைப் பிரித்து இளைய பிரசங்கியார் பெயரை வாசித்தார். ஒரு குழந்தைகூட அழவில்லை. நாங்கள்தான் போகிறோம் அண்ணா. வடக்கே. பக்கத்து வீட்டு ரெபெக்கா சித்தி மூத்த பிரசங்கியார் பக்கம், அவர்கள் இருக்கிறார்கள். அவள் அம்மாவைக் கட்டிக்கொண்டு, "நான் கட்டின மூட்டையெல்லாம் இப்ப அவிழ்க்கணும், நீ கட்டினதை ஏத்தணும், நம்ம ரெண்டு பேர்ல யாருடி பாவம்?" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள், பிறகு அழுதார்கள்.

எனக்கு அழுகை வரவில்லை. வடக்கு, வடக்கு என்று மட்டும் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நீ அந்த யார்டில் சேதி இல்லாமல் படுத்திருப்பாய், காலையில் தெற்குக் கம்பெனியில் ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவாய். அதை மட்டுமே நினைத்தேன். தொழுவத்துத் தொலைபேசிவரை போனேன். போகாதே என்றாய், போனேன். கதவு திறந்திருந்தது. உள்ளே அப்பா. முதுகைக் காட்டிக்கொண்டு, தொலைபேசியைக் காதில் வைத்திருந்தார். ஓடி வந்துவிட்டேன்.

அவர் வீட்டுக்கு வந்தபோது அம்மா கேட்டது பலகை இடுக்கு வழியாக எனக்குக் கேட்டது.

"யாருக்குப் போன் பண்ணீங்க?"

"பன்றி லாரிக்கு."

"பன்றியெல்லாம் நேத்தே போயிடுச்சே."

"தெரியும். நாம வடக்கே போறோம்னு சொன்னேன்."

"பன்றி லாரிக்காரனுக்கு எதுக்கு அது?"

அப்பா பூட்ஸைக் கழற்றும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார், "சகரியா அங்கதான் இருக்கான்."

பெயரைச் சொன்னார் அண்ணா. அம்மாவின் நாற்காலி நகர்ந்தது. அப்பா, "காலையில ஏத்தறதுக்கு இன்னொரு கை இருந்தா நல்லாயிருக்கும்னும் சொன்னேன். வர்றதும் வராததும் அவன் இஷ்டம்" என்றார். மேலே நிமிர்ந்து, குரலை உயர்த்தாமலே, "ஜஸ்டினா, விளக்கை அணைச்சுட்டுத் தூங்கு, கண்ணு கெட்டுடும்" என்றார்.

நான் விளக்கை அணைக்கவில்லை. எழுத்து கோணலாகிறது. நான் உனக்கு எழுதுவது அவருக்கு எத்தனை நாளாகத் தெரியும்?

வடக்குக் கம்பெனிக்கே சரி என்று சொல்லிவிடு. கிழவனாரிடம் சொல், வாரம் ஒருமுறை, புதுப் பண்ணை வாசல் வழியாக. எங்கள் வீடு எந்த வரிசையில் என்று எனக்கு இன்னும் தெரியாது, ஆனால் நான் ஜன்னலில்

வாசல் கதவை யாரோ தட்டுகிறார்கள். இங்கே யாரும் கதவைத் தட்டுவதில்லை, திறந்துகொண்டு உள்ளே வருவார்கள். மறுபடியும் தட்டுகிறார்கள், மெதுவாக. அப்பா எழுந்திருக்கிறார். அம்மா அவருக்கு முன்னால்